பாட்டில் உடைகிற சத்தம்

ஜூஜுவாடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு லாரிச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்காது. நேற்று உங்கள் ஸ்டேஷனில் நான் புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்துவிட்டு, "மனசாட்சி உறுத்துது போல" என்று ஏட்டையா பாராக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை, ஐயா. நெடுஞ்சாலையை விட்டு ரொம்ப உள்ளே தள்ளி ஸ்டேஷனைக் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வழக்கமாகக் கேட்கிற சத்தம் திடீரென்று கேட்காமல் போனால் மனிதனுக்கு என்னவோ போல இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே பேச்சு ஒரு இடத்தில் வரும்.

வக்கீல் வைத்துக்கொள் என்றீர்கள். வேண்டாம். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்ல எனக்கே தெரியும். ஏட்டையா நிதானமாக எழுதட்டும்.

என் பெயர் ராமப்பன். கம்பெனியின் போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் பாட்டில் கம்பெனி என்றுதான் பெயர். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்களாம். போடட்டும். வேலியில் ஓட்டை இருக்கிறது என்று வருஷக்கணக்கில் கத்தியவன் நான்தான் என்பதை மட்டும் எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் எல்லைச் சோதனைச்சாவடி தெரியும். லாரிகள் வரிசையாக நிற்கும். தார்ப்பாயை அவிழ்ப்பார்கள், மூட்டையில் கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள், பில்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு முத்திரை, கர்நாடகப் பக்கம் ஒரு முத்திரை. சின்ன வயதில் அதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. சாவடிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஒரு கதை சொல்வார்கள். மேலதிகாரிக்குத் தன் ஆட்கள் விழித்துக்கொண்டிருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தால், பொய் பில்லோடு ஒரு லாரியை அவரே அனுப்பி வைப்பாராம். உள்ளே வெறும் தவிட்டு மூட்டை. பிடித்தால் ஆட்களுக்குப் பாராட்டு. கோட்டை விட்டால் மறுநாள் எல்லோருக்கும் அர்ச்சனை. அதற்குச் சோதனை லாரி என்று பெயர்.

நிஜமோ கட்டுக்கதையோ, எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றை நம்புவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்றும் என் கட்சி அதுதான்.

பாட்டில் கம்பெனியில் தயாரிப்பது ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி ஏற்றுகிறார்களே, அந்தக் குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும். தயாரிப்பு இந்தப் பக்கம் ஜூஜுவாடியில். லேப் அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில். எம்.டி. சென்னகிருஷ்ணனின் மாமனாருக்கு அங்கே ஒரு கட்டடம் சும்மா கிடந்தது, அதனால் லேப் மாநிலம் தாண்டிப் போய்விட்டது. அந்த லேப்பில் முயல்கள் வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் தண்ணீரை எடுத்து முயலின் காது நரம்பில் ஏற்றிவிட்டு, வஜிஹா என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து அதன் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சூடு ஏறவில்லை என்றால் அந்த பேட்ச் பச்சை. முயலுக்குக் காய்ச்சல் வந்தால் சிவப்பு.

சிவப்பு விழுந்த பாட்டில்களை எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் போட்டு உடைப்பார்கள். எல்லாம் கண்ணாடி. என் அறை ஜன்னல் அந்தக் குழியைப் பார்த்துத்தான் இருக்கிறது. உடைக்கிற நாளில் நான் போனில் பேச முடியாது.

முன்பெல்லாம் பச்சையா சிவப்பா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, லேப் முத்திரை குத்தி, ஜீப்பில் கொடுத்து அனுப்புவார்கள். ஜீப் சாவடி வரிசையில் மாட்டிக்கொள்ளும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரிலிருந்து சீட்டு வந்து சேர அரை நாள் ஆகும். டெஸ்பாட்ச்சில் லாரிகள் காத்துக் கிடக்கும். அப்போது நான்தான் சொன்னேன், இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் வைத்து டெலிபோன் லைனில் இணைத்துவிடலாம் என்று. இணைத்தேன். வஜிஹா அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் இங்கே டெஸ்பாட்ச்சைக் கவனிக்கிற ஆஞ்சப்பனின் திரையில் நிறம் தெரிந்தது. சீட்டை நிறுத்தினார்கள், ஜீப்பை விற்கப் பார்த்தார்கள். அந்த வருஷ ஆயுத பூஜையில் எம்.டி. எனக்குச் சால்வை போட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர்ப் பெட்டி. இதைப் புரியாமல் என் கேஸ் உங்களுக்குப் புரியாது, ஆனால் கஷ்டமான சமாச்சாரம் இல்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். மனிதனுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். அதனால் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைப்பார்கள். 'லேப்' என்று கேட்டால், லேப் கம்ப்யூட்டரின் எண் இன்னது என்று அது சொல்லும். கேட்டவன் அந்த எண்ணுக்குப் போய்ச் சேருவான். இன்டர்நெட் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. வெளிநாட்டில் அதற்கு டி.என்.எஸ். என்று பெயர். எங்கள் ஆபீசில் பெயர்ப் பெட்டி என்போம். என் அறையில் ஒன்று, அத்திப்பள்ளியில் ஒன்று.

அந்தப் பெட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. தனக்குத் தெரியாததை அடுத்த பெட்டியிடம் கேட்கும். பதில் வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். யார் சொன்னது என்று முகத்தைப் பார்க்காது. சரியான நேரம் பார்த்து ஒருவன் குறுக்கே புகுந்து, 'லேப் இங்கே இருக்கிறது' என்று தன் எண்ணைச் சொன்னால் அதையும் அப்படியே நம்பும். அதற்குப் பிறகு லேப்பைத் தேடிப் போகிறவர்கள் எல்லாம் அவன் வாசலில் போய் நிற்பார்கள். திரையில் 'லேப்' என்றுதான் எழுதியிருக்கும். சந்தேகமே வராது.

எங்களுக்கு இன்டர்நெட் பெங்களூர் லைனில், அத்திப்பள்ளி வழியாக வந்தது. அதாவது உலகத்தில் எவனும் அந்த வழியில் உள்ளே வரலாம். ஒரு தவிட்டு மூட்டை எல்லை தாண்டினால் நாலு பேர் கையை விட்டுத் துழாவுகிறார்கள். உயிர் காக்கிற மருந்து நல்லதா கெட்டதா என்கிற பேச்சு கம்பி வழியாக எல்லை தாண்டுகிறது, அதைக் கேட்பாரில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, ஐயா. உங்களுக்குப் பொறுக்குமா.

சரிசெய்யும் வழியையும் நானே யோசித்து வைத்திருந்தேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே கேள்வியைக் கேட்பது, பதில் மாறினால் மணி அடிக்கும்படி செய்வது. அதற்கும் மேலே, ஒவ்வொரு பதிலோடும் லேப்பின் ரகசிய முத்திரை ஒன்று சேர்ந்து வர வேண்டும், முத்திரை பொருந்தாத பதிலைப் பெட்டி குப்பையில் போட வேண்டும். பழைய துண்டுச் சீட்டில் வஜிஹா குத்தினாளே ரப்பர் ஸ்டாம்ப், அதையே கம்பிக்குள் கொண்டுவருகிற வேலை. இதற்கு இன்னும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு நல்ல லைனும் வேண்டும் என்று மாதாந்தர மீட்டிங்கில் சொன்னேன்.

சென்னகிருஷ்ணன் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரிக்கிற மனிதர்.

"ஏன் ராமப்பா, நம்ம பாட்டில் கம்பெனிக்குள்ள பூந்து பேரை மாத்தறதுக்கு எவன்யா மெனக்கெடப் போறான்? அமெரிக்காக்காரனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு. அதற்கும் அடுத்த வருஷம் நான் வாயைத் திறக்கும் முன்பே ஒருவர், "அமெரிக்காக்காரன் வந்துட்டானா ராமப்பா?" என்றார்.

அதனால் ஒரு சோதனை லாரி விட்டேன். முதல் லாரி. அதில் தவிடுதான் ஏற்றினேன், ஐயா, முறைப்படி. கேண்டீனில் அன்றைய சாப்பாடு என்ன என்பதை எல்லா கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். ஒரு புதன்கிழமை 'கேண்டீன்' என்ற பெயரை என் அறையிலிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டேன். புதன் என்றால் எப்போதும் புளிசாதம். என் திரை மட்டன் பிரியாணி என்றது. மதியம் பாதி பேர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கேண்டீன் வாசலில் கூடிவிட்டார்கள். சமையல்காரர் புளிசாத அண்டாவோடு திகைத்துப்போய் நின்றார். நான் எல்லோர் முன்னாலும் போய், இதைச் செய்தது நான்தான், இப்படித்தான் நாளைக்கு லேப்பையும் ஒருவன் மாற்ற முடியும் என்று விளக்கினேன்.

என்ன நடந்திருக்க வேண்டும்? இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு லைனும் வந்திருக்க வேண்டும். என்ன நடந்தது தெரியுமா? "கம்ப்யூட்டர் பிரிவு காமெடிப் பிரிவாயிடுச்சுப்பா" என்றார் சென்னகிருஷ்ணன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பிரியாணி ராமப்பன். கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் வரைக்கும் அதுதான். என் மனைவி ஒருநாள் சாப்பாடு கொடுத்தனுப்ப போன் செய்து 'ராமப்பன்' என்று கேட்டபோது, 'பிரியாணி ராமப்பனா, பிளம்பர் ராமப்பனா' என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்பாதது உங்கள் முகத்திலேயே தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன். கோபத்தில் செய்கிற வேலையில் இவ்வளவு சுத்தம் இருக்காது. எனக்கு ஒரு பாடம் கிடைத்தது, அவ்வளவுதான். தவிடு ஏற்றிய லாரி பிடிபடாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமில்லாத சோதனையை எவனும் மதிக்க மாட்டான். பட்டால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது லாரிக்கு 'லேப்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.

பெட்டி என் அறையில்தான் இருக்கிறது, சாவி என் கையில்தான் இருக்கிறது. அதைத் திறந்து எழுத்தை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் அது அதிகாரத் துஷ்பிரயோகம். வெளியே இருக்கிற திருடன் எப்படி வருவானோ அப்படியே வர வேண்டும் என்று முடிவு செய்தேன். அத்திப்பள்ளி லைன் வழியாக, பெட்டி கேள்வி கேட்கிற நேரம் பார்த்து, உண்மையான பதில் வருவதற்குள் பொய்ப் பதிலை அனுப்பினேன். பல தடவை தவறியது. ஒருநாள் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து டெஸ்பாட்ச்சில் 'லேப்' என்று தட்டினால் என் மேஜைக்கு அடியில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் பதில் சொன்னது. லேப் திரை எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே செய்திருந்தேன். கம்பெனி சின்னத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருக்கும், அதைக்கூட விடவில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். அது எல்லா பேட்ச்சுக்கும் பச்சை காட்டியது.

அது ஏன் என்று கேட்கிறீர்கள். உண்மையில் என்ன நிறமோ அதையே காட்டியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லையே என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசமே இல்லாவிட்டால் அதை எவன் கண்டுபிடிப்பான்? கண்டுபிடிக்க ஏதாவது வேண்டாமா? நான் நியாயமாகத்தான் நடந்தேன். ஒரு தடயம் விட்டு வைத்தேன். வஜிஹா சிவப்பு போட்டது இங்கே பச்சையாக நிற்கும். கண்ணிருக்கிறவன் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒருவரும் லேப்புக்கு ஒரு போன் போட்டு, 'இந்த பேட்ச் பச்சைதானே' என்று கேட்கவில்லை. சென்னகிருஷ்ணன் தினம் என்னைத் தாண்டிப் போனார், பிரியாணி எப்போ என்று கேட்டார். நான் சிரித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சிவப்பு பேட்ச் பச்சையாகக் குந்தாரப்பள்ளி குடோனுக்குப் போயிற்று. அங்கிருந்து பல ஊர்களுக்குப் பிரிந்தது. ஏற்றினவர்களுக்குக் குளிர் வந்தது, உடம்பு தூக்கிப் போட்டது, காய்ச்சல் கொதித்தது. முயலுக்கு வந்தது மனிதருக்கும் வந்தது, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தெம்பாக இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பிரசவமும் ஆபரேஷனும் ஆகி ஏற்கனவே தளர்ந்திருந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. ஆஞ்சப்பனின் மகள் பவளம் அவர்களில் ஒருத்தி. பச்சை உடம்புக்காரி. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் ஆஞ்சப்பனையும் வஜிஹாவையும் கூட்டிவந்து விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஓடி ஒளிந்தேனா? ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக எம்.டி. அறைக்குப் போனேன். சோதனை எப்போது தொடங்கினது, எப்படிச் செய்தது, எந்தக் கட்டத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை, ஆகவே முத்திரை முறை உடனடியாகத் தேவை. எல்லாம் அதில் இருந்தது. சென்னகிருஷ்ணன் முதல் தடவையாக என் ரிப்போர்ட்டைக் கடைசி வரை படித்தார். படித்து முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டார். இரண்டு கம்ப்யூட்டர் வாங்கக் கூப்பிட வேண்டிய நேரத்தில் போலீசைக் கூப்பிட்டார். கண்கெட்ட பிறகும் சூரிய நமஸ்காரம் செய்ய மனசு வராத ஆள்.

நான் கொலைகாரன் என்றால் அவர் யார்? இந்தக் கேள்வியைக் கோர்ட்டிலும் கேட்பேன்.

வஜிஹா கொடுத்த வாக்குமூலத்தை நேற்று படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. அந்த பேட்ச்சை லாரியில் ஏற்றிய அன்று காலை அவள் போன் செய்தது உண்மை.

"ராமப்பண்ணா, நேத்து நான் செவப்பு போட்ட பேட்ச்சை லாரில ஏத்திக்கிட்டிருக்காங்கன்னு நம்ம ஜீப் டிரைவர் சொல்றாரு. நெசமாண்ணா? மொயலுங்க ரெண்டும் நடுங்கிப்போயி மூலையில ஒண்டிக்கிச்சுங்க. எனக்குக் கைகாலே ஓடல. கொஞ்சம் பாருங்கண்ணா."

"நான் பாத்துக்கறேம்மா. நீ வெச்சிடு" என்றேன்.

"டெஸ்பாட்ச்சுக்கு நானே ஒரு போன் போட்டுடட்டுமா?"

"வேணாம்மா. நான் இங்கதானே இருக்கேன்."

அவள் நிம்மதியாக வைத்துவிட்டாள். நான் ஜன்னல் ஓரமாகப் போய் நின்று லாரியில் ஏற்றுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாளே, அப்புறம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எப்படி எழுதினாய் என்கிறீர்கள். அவள் கண்டுபிடிக்கவில்லை, ஐயா. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது, என்னைக் கேட்டாள், நான் தீர்த்து வைத்தேன். பெயர் திருடப்பட்டிருக்கிறது என்று அவள் சொன்னாளா? இல்லை. சந்தேகம் வேறு, கண்டுபிடிப்பு வேறு.

லாரியை நான் நிறுத்தியிருக்கலாம். அதையும் யோசித்தேன். நிறுத்தினால் என்ன ஆகும்? ராமப்பன் விழிப்பாக இருந்தான், பிடித்துவிட்டான், ஆகவே ராமப்பன் இருந்தால் போதும், முத்திரையும் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று ஆகும். என் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். சாவடியில் சோதனை லாரியை அனுப்புகிற அதிகாரி, நடுவழியில் கையை நீட்டி அதை அவரே நிறுத்துவாரா?

நீங்கள் இந்த ஒரு பேட்ச்சைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மழைக்காலத்தில் வஜிஹா அதற்கு முன்பும் சிவப்பு போட்டிருக்கிறாள். அவையும் பச்சையாகத்தான் போயின. சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் போயிருக்கலாம். அங்கே யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்து செத்தால் காய்ச்சலில் செத்தார்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஏட்டையா, பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மறைக்கிறவனாக இருந்தால் இனி சொல்லப் போவதைச் சொல்லவே மாட்டேன். அப்போது அறையில் இருந்தது நானும் ஆஞ்சப்பனும் மட்டும்தான். அவர் அதை உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. மகளைப் புதைத்துவிட்டு வந்தவர், அவருக்கு எதுவும் நினைவில் இருக்காது. அல்லது நினைத்துப் பார்க்கப் பயப்படுகிறாரோ என்னவோ.

வஜிஹா போன் செய்த அதே நாள் மத்தியானம் வந்தார். லாரியில் முக்கால்வாசி ஏற்றியாகிவிட்டது. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு அட்டைப் பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பவளத்துக்குப் பையன் பொறந்திருக்கான். கிருஷ்ணகிரில நர்சிங் ஹோம்ல இருக்குது. ஒடம்பு கொஞ்சம் அசதியா இருக்குது, பாட்டில் ஏத்தணும், வாங்கியாங்கன்னு சொல்லிட்டாங்க. எம்.டி. நம்ம பாட்டிலையே எடுத்துக்கோன்னுட்டாரு."

"ரொம்ப சந்தோஷம் ஆஞ்சப்பா. எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகக் குழியைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க. ரொம்ப நாளா செவப்பே உழல சார். முன்னெல்லாம் அப்பப்ப ஒண்ணு உழும், பசங்க ஒடச்சி ஒடச்சி கையைக் கீறிக்கிட்டு நிப்பானுங்க. இப்ப பாட்டில் ஒடையற சத்தமே காணோம். அங்க பாருங்க, குழில பில்லு மொளச்சிக் கெடக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

ஐயா, மூன்று வருஷமாக நான் காத்திருந்தது அந்தப் பேச்சுக்காகத்தான். கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அதைத்தான் பெட்டியைக் கொண்டு செய்யவைக்க நான் பாடுபட்டேன். அந்த மனிதர் காதைக் கொண்டே செய்துவிட்டார். எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பொய் சொல்லவில்லை, என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்டுபிடித்தவர் ஆஞ்சப்பன் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் சென்னகிருஷ்ணன் என்ன சொல்வார்? "பாத்தியா ராமப்பா, நம்ம ஆஞ்சப்பன் காதே போதும், உன் முத்திரை எதுக்கு" என்பார். மீட்டிங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். சோதனை அங்கேயே செத்துப்போகும். என் மனது அதற்கு ஒப்பவில்லை.

"அதெல்லாம் இப்ப தயாரிப்பு நல்லாயிருக்குது ஆஞ்சப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.  அவர்தான் பேசினார்.

"கம்ப்யூட்டர் பச்சைன்னுதான் காட்டுது சார். நானே பாத்துட்டேன். ஆனா அது மெசினு. அதுக்கு என்னா தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன். பவளத்துக்கு ஏத்தப் போறோம் இல்லீங்களா."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். 'லேப்' என்று தட்டினேன். அவர் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பேட்ச் எண்ணைப் பார்த்துப் போட்டேன். லாரியில் ஏறிக்கொண்டிருந்த அதே பேட்ச். என் காலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் லேசாக முனகியது. திரையில் பச்சை வந்தது.

அவர் திரையைப் பார்க்கவில்லை, ஐயா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே பாத்துட்டீங்கன்னா செரி சார்" என்றார். கும்பிட்டார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அவசரத்தில் துண்டை என் நாற்காலியிலேயே விட்டுவிட்டார். அதை மடித்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். லேப்பின் பெயரைத் திருப்பியது நான். சிவப்பைப் பச்சையாக்கியது நான். அது கெட்ட பேட்ச் என்று தெரிந்தே லாரியையும், ஆஞ்சப்பனையும் போகவிட்டது நான். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன், தலை குனியாமல் சொல்வேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று என் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. பொய் சொன்னது பெட்டி. எல்லோரும் பெட்டியைத்தான் கேட்டார்கள், பெட்டியைத்தான் நம்பினார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் முகத்தைப் பார்த்து என்னைக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.